பழைய ஏர் பிஸ்டலின் தொலைந்த துணைப்பொருள்கள்: அதே காலத்து அசலா, பிற்காலத்து அசலா, கோயம்புத்தூர்ப் பட்டறையா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் எல்லையோர ஊர்களில் வெளிநாடு போய்த் திரும்பிய தலைமுறை விட்டுச்சென்ற பொருள்களுக்கிடையே, எப்போதாவது ஒரு பழைய ஜெர்மன் ஏர் பிஸ்டல் கிடைக்கிறது. என் தாய்மாமா விட்டுச்சென்ற வால்தர் எல்.பி.53 அப்படித்தான் எனக்கு வந்தது. பிஸ்டல் பெரும்பாலும் முழுதாகவே இருக்கும். அதோடு தொழிற்சாலை கொடுத்த சின்னச் சின்னப் பொருள்கள்தாம் தொலைந்திருக்கும். குழலில் மாட்டும் எடை, குறிபார்க்கும் சைட்டுக்கான மாற்றுத் தகடுகள், மரக்குமிழ், திருப்புளி, பெட்டி, சோதனை அட்டை என்று இல்லாதவற்றின் பட்டியல் நீளும். அவற்றை எங்கிருந்து, எந்த வடிவில் தேடிச் சேர்ப்பது என்ற கேள்வி சில மாதங்களாக என்னிடம் திரும்பத் திரும்ப வருவதால், வழிகளை அருகருகே வைத்து எழுதுகிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல்களை மட்டுமே. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள ஏர் ஆயுதத்துக்கு உரிமம் வேண்டியதில்லை. நாம் பேசும் பழைய இலக்குப் பிஸ்டல்களின் ஆற்றல் இந்த வரம்பில் கால்பங்கை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். .22 அங்குலத் துளைப் பந்தயப் பிஸ்டல் வைத்திருப்பவர்களின் சட்டநிலை முற்றிலும் வேறு. அவர்கள் இதை வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம்.

முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னே கேட்டுக்கொள்ள வேண்டியது, அந்தப் பிஸ்டலை வைத்துச் சுடப்போகிறோமா, பாதுகாத்து வைக்கப்போகிறோமா என்பதுதான். இரண்டும் செய்வோம் என்று சொல்பவர்களே அதிகம் என்றாலும், செலவு செய்யும் நேரத்தில் ஏதாவது ஒன்று முந்தியே ஆக வேண்டும். சுடுபவருக்குக் கைப்பிடி தன் உள்ளங்கையில் உட்கார்கிறதா என்பது முக்கியம். அது எந்த ஆண்டில் கடைந்தது என்பது முக்கியமில்லை. பாதுகாப்பவருக்கு இது அப்படியே தலைகீழ்.

அடுத்தது, சேர்க்கும் பொருளைப் பிற்பாடு தடயமில்லாமல் கழற்றிவிட முடியுமா என்பது. முடியுமென்றால் தவறான தேர்வுகூடப் பெரிய நட்டமில்லை. ஆனால் ஒரு திருகுத்துளை புதிதாகப் போட வேண்டியிருந்தாலோ, பழைய கைப்பிடியை அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தாலோ, அந்த வழியை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் ஒதுக்கிவிடுவேன்.

மூன்றாவது அளவுகோல் நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். ஜூன் முதல் மேற்கிலிருந்து ஈரம் ஏறிவரும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து உதடு வெடிக்கும் வறண்ட காற்று வீசும். வால்நட் மரத்தில் செய்த கைப்பிடி ஒரே ஆண்டுக்குள் ஊதிச் சுருங்குவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஐம்பது ஆண்டு கெடாமல் இருந்த பொருள் இங்கு வந்த இரண்டாம் பருவத்திலேயே விரிசல் விடுகிறது என்றால், அதன் விலையில் அந்த விரிசலையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, விலைப்பட்டியலில் எழுதாத செலவுகள். அவற்றை ஒவ்வொரு வழியின் கீழும் தனியே சொல்கிறேன்.

‘அசல்’ என்ற சொல் விரிக்கும் வலை

வழிகளுக்குள் போகுமுன் இந்த ஒரு சொல்லைச் சரிபார்த்துவிட வேண்டும். ஜெர்மனியின் ராஷ்டாட் நகரத்து டயானா நிறுவனத்தின் பிஸ்டல்கள் பிரிட்டனில் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்கப்பட்டன. போருக்குப் பின் டயானா என்ற வணிகப்பெயரும் இயந்திரங்களும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனத்துக்குப் போய்விட்டதால், ஜெர்மன் தயாரிப்பாளருக்குத் தன் சொந்தப் பெயரிலேயே அந்நாட்டில் விற்க முடியாமல் போயிற்று. ஆகவே, ‘ஒரிஜினல் 10-க்கான பெட்டி’ என்று ஒரு பிரிட்டன் விற்பனையாளர் எழுதினால், அது மாடலின் பெயரே ஒழியப் பெட்டியின் நம்பகத்தன்மைக்கான சான்று அல்ல. இந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் அனுப்பியவர்கள் என் பழக்கத்திலேயே இருவர்.

இன்னொரு குழப்பம், ஒரே மாடலுக்குள்ளேயே காலத்துக்குக் காலம் ஏற்பட்ட மாற்றம். வால்தர் எல்.பி.53 ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. தொடக்ககாலப் பிஸ்டல்களின் உடல் நீலம் ஏற்றிப் பளபளப்பாகவும் முன்பக்கம் வளைந்தும் இருக்கும். பிற்காலத்தவை நேர்கோடான உடலில் சொரசொரப்பான கறுப்புப் பூச்சோடு வந்தன. வெறும் அட்டைப்பெட்டியில் விற்றவையும் உண்டு, வடிவம் வெட்டிய தட்டோடு கூடிய அழகான பெட்டியில் விற்றவையும் உண்டு. ஆகவே ‘எல்.பி.53-இன் அசல் பெட்டி’ என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. வளைந்த உடலுக்காக வெட்டிய தட்டில் நேரான உடல் உட்காருமா என்பதைக்கூட அளந்து பார்த்தே சொல்ல முடியும்.

1963-இல் டேவிட் ஹர்ன் எடுத்த விளம்பரப் படங்களில் ஜேம்ஸ் பாண்டாக ஷான் கானரி பிடித்திருப்பது இந்த எல்.பி.53-தான். கொண்டுவர வேண்டிய பிஸ்டல் வராமல் போகவே, புகைப்படக்காரர் தம்முடைய ஏர் பிஸ்டலையே கொடுத்துவிட்டார். அந்த ஒற்றைப் பிஸ்டல் 2010-இல் லண்டன் ஏலத்தில் 2,70,000 பவுண்டுக்கு மேல் போனது. நம்முடையதற்கு அதனால் ஒரு பைசா ஏறவில்லை என்றாலும், அதன் துணைப்பொருள்களைத் தேடுபவர்களின் கூட்டம் மட்டும் அந்தப் புகழால் குறையாமல் இருக்கிறது.

வழி ஒன்று: அதே காலத்து அசல்

பிஸ்டல் தயாரான அதே கட்டத்தில் அதே தொழிற்சாலை கொடுத்த பொருளைத் தேடி வாங்குவது. பாதுகாத்து வைப்பவருக்கும், பிற்காலத்தில் கைமாற்ற நினைப்பவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. திருகு இடம் தானாகப் பொருந்தும். பூச்சின் நிறம் ஒத்துப்போகும். பொருளோடு சேர்ந்து ஒரு காலமும் வீட்டுக்குள் வருகிறது.

ஆனால் மறைந்த செலவு இங்கேதான் மிக அதிகம். சுங்க வகைப்பாட்டின் 93-ஆம் அத்தியாயத்தில் 9304 என்ற தலைப்பு ஏர் பிஸ்டல்களையும், 9305 அவற்றின் பாகங்களையும் துணைப்பொருள்களையும் குறிக்கிறது. இந்த அத்தியாயத்துப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், ஒரு மரக் கைப்பிடியோ இரும்பு எடையோ அஞ்சலில் வந்தாலும் சுங்கத்தில் நின்றுவிட வாய்ப்பிருக்கிறது. விளக்கக் கடிதம், தாமதம், சில வேளை திருப்பி அனுப்புதல் என்று பொருளின் விலைக்கு மேல் அலைச்சல் போய்விடும். ஆகவே பணம் அனுப்புமுன் இறக்குமதி அறிந்த முகவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதனாலேயே நான், உள்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களைக் கேட்டு வாங்குவதையே முதலில் சொல்வேன். எண்பதுகளில் ஏர் பிஸ்டல் போட்டிகளில் சுட்ட மூத்தவர்களின் அலமாரிகளில், அவர்களே மறந்துபோன எடைகளும் சைட் தகடுகளும் கிடக்கின்றன.

இரண்டாவது மறைந்த செலவு, பொருளுக்கு உள்ளே இருக்கும் மூப்பு. அந்தக் காலத்து ஜெர்மன் தயாரிப்புகளில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பிளாஸ்டிக் சீல்களும் தாங்கு வளையங்களும் வயதானால் மெழுகுபோல் உதிர்ந்துவிடும். டயானா 6, 10 மாடல்களும் ஃபைன்வெர்க்பௌ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் 65-உம் இதற்குப் பெயர்போனவை. ‘பிரிக்காத அசல் சீல்’ என்று ஒருவர் விற்றால், அது பையைப் பிரிக்காமலேயே கெட்டுப்போயிருக்கக்கூடும். அசல் வேண்டும் என்ற ஆசையை இரும்பிலும் மரத்திலும் காகிதத்திலும் வைத்துக்கொள்ளலாம், சீலில் வேண்டாம். அங்கே புதிதாக வார்த்ததே மேல்.

காகிதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, பிஸ்டலின் வரிசை எண்ணை எழுதி உள்ளே வைத்த சோதனை அட்டை, துணைப்பொருள்களில் தனி இடம் பெறுவது. எடை, பெட்டி, திருப்புளி எல்லாம் ‘இந்த வகைக்கு உரியது’ என்று மட்டுமே சொல்ல முடியும். ‘இந்தப் பிஸ்டலுக்கு உரியது’ என்று சொல்லக்கூடியது எண் எழுதிய அட்டை மட்டுமே. வேறு எண் கொண்ட அட்டையை வாங்கி வைப்பதில் எந்தப் பொருளும் இல்லை. தன்னுடைய அட்டை தொலைந்துவிட்டால் தொலைந்ததுதான்.

வழி இரண்டு: அதே நிறுவனம், வேறு காலம்

பெரும்பாலோர் தாங்களே அறியாமல் போய் நிற்கும் வழி இது. முதல் வழியைவிட மலிவு, தேடலும் குறைவு, நிறுவனத்தின் முத்திரையும் இருக்கிறது. ஆனால் மூன்று வழிகளில் நான் மிகவும் தயங்கும் வழியும் இதுவே.

ஃபைன்வெர்க்பௌவை எடுத்துக்கொள்வோம். மவுசர் நிறுவனத்தில் பணியாற்றிய வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இரு பொறியாளர்கள் ஓபர்ண்டார்ஃபில் நிறுவியது இது. 1965-இல் வந்த அவர்களுடைய 65-ஆம் மாடலில், சுடும் நொடியில் குழலும் சிலிண்டரும் சேர்ந்து சட்டகத்தின் மேல் பின்னோக்கி நழுவி உதைப்பை விழுங்கிவிடும். அதன் பின்னால் குட்டைக் குழல் வடிவமும், அடுக்கி மாட்டும் எடைகளோடு 80-ஆம் மாடலும், மின்விசையோடு (மின்னணு டிரிகர்) 90-ஆம் மாடலும் வந்தன. பார்வைக்கு அண்ணன் தம்பிகள்தாம். ஆனால் நீளக் குழலுக்கான எடையுறையை (குழலின் மேல் உறைபோல் மாட்டும் எடை) குட்டைக் குழலில் மாட்டினால் நீளம் ஒத்துவராது. மின்விசைக்காரனுக்குச் செதுக்கிய கைப்பிடி பழைய விசைக்குச் சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ‘எல்லா ஃபைன்வெர்க்பௌவுக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருந்தால், எந்த மாடலில் மாட்டிப் பார்த்தீர்கள் என்று படத்தோடு கேளுங்கள்.

எடையில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 65-இல் நழுவும் பகுதியோடு சேர்த்து எடையை மாட்டினால், நழுவும் பொருளின் கனமே மாறிவிடுகிறது. பிஸ்டல் முன்பு இருந்த பழக்கத்தில் நடக்காது; குண்டு விழும் இடம் நகரும்; சைட்டை மறுபடி திருத்த வேண்டிவரும். தொழிற்சாலை அந்த மாடலுக்கென்று கணக்கிட்ட எடையில் இந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். வேறு மாடலின் எடையில் அதை எதிர்பார்க்க முடியாது.

பாதுகாப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் குறை வேறு விதமானது. 1950-களின் வளைந்த உடலுக்குப் பக்கத்தில் 1970-களின் திருப்புளியும் தகடும் வைத்த பெட்டி, தெரியாதவர் கண்ணுக்கு நிறைவாகவும் தெரிந்தவர் கண்ணுக்குச் சந்தேகமாகவும் படும். அந்தச் சந்தேகம் பெட்டியோடு நிற்காது. ‘பிஸ்டலிலும் எதை மாற்றினார்களோ’ என்று அசல் உடலின் மேலேயும் ஏறிவிடும். முத்திரை இருக்கிறது என்ற தைரியத்தில் செய்யும் கலப்பு, முத்திரையே இல்லாத புதுப்பொருளைவிட அதிகம் ஏமாற்றுகிறது.

இந்த வழி நன்மை தருவது ஒரே சூழலில். பொருள் மாடல்களுக்கிடையே மாறவே இல்லை என்று இரண்டு பிஸ்டல்களை அருகருகே வைத்துப் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும், வாங்குபவர் சுடுபவராகவும் இருக்க வேண்டும். அப்போது தாராளமாக வாங்கலாம்.

வழி மூன்று: பட்டறையில் புதிதாகச் செய்வது

வாளையாரைத் தாண்டினால் கோயம்புத்தூர். கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள லேத் பட்டறைகளுக்கு, பம்புசெட்டின் தண்டையும் புஷ்ஷையும் நூலளவு பிசகாமல் கடைந்து பழகிய கை. ஓர் எடையுறையைக் கடைவது அவர்களுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. மரவேலைக்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள்.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். பித்தளையின் அடர்த்தி இரும்பைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அளவைக் கொடுத்து ‘இதே மாதிரி’ என்று மட்டும் சொன்னால், பட்டறைக்காரர் கையில் இருக்கும் கம்பியில் கடைந்து கொடுத்துவிடுவார், எடை மாறிப்போகும். அளவையும் கிராமையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

போட்டியில் சுடுபவர்கள் விதியையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளட்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு மொத்த எடை 1,500 கிராமுக்குள், விசையின் பாரம் 500 கிராமுக்குக் குறையாமல், முழுப் பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கைப்பிடி மணிக்கட்டைத் தொடக்கூடாது, உள்ளங்கைத் தாங்கி மேல்நோக்கி வளையக்கூடாது. ஃபைன்வெர்க்பௌ 65 தானே சுமார் 1,200 கிராம் இருக்கும் என்பதால், எடைக்கு மிஞ்சுவது 300 கிராம்தான்; அதிலும் கனமான மரத்தில் கைப்பிடி செய்தால் அதன் பங்கும் போகும்.

மரம் என்று வந்தால் எல்லோரும் ஈட்டியைத்தான் கேட்கிறார்கள். அழகுதான், ஆனால் ஈட்டி சேர்ந்த மரக்குடும்பம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், அந்தக் கைப்பிடியை நாளை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அனுப்ப நினைத்தால் காகித வேலை குவியும். நன்றாக விளைந்து ஆறிய பழந்தேக்கு நம் காற்றுக்கு நின்றுபிடிக்கிறது. வீடு இடிக்கும் இடங்களில் வாங்கிய பழைய சட்டமே எனக்குப் போதுமானதாக இருந்தது. எல்.பி.53-க்குச் செய்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அதன் சிலிண்டர் கைப்பிடிக்கு உள்ளேயே இருப்பதால், மரத்துக்குக் கிடைக்கும் கனம் மிகக் குறைவு. விரல் பள்ளங்களை ஆசைக்கு ஆழமாகத் தோண்டினால் மரம் பிளந்துவிடும்.

இங்கும் மறைந்த செலவு உண்டு. முதல் முயற்சி ஒருபோதும் பொருந்துவதில்லை. இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். பிஸ்டலைப் பையில் வைத்துக்கொண்டு எல்லைப் பேருந்தில் போவது நல்ல யோசனையே அல்ல. வரிச் சோதனைச் சாவடிகள் 2017-இல் எடுக்கப்பட்டாலும் மதுவிலக்குச் சோதனை நடக்கிறது. பார்வைக்கு இது கைத்துப்பாக்கிதான், பையைத் திறக்கும் காவலருக்கு ஆயுத விதிகளை நடுவழியில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அட்டையில் வெட்டிய மாதிரியையும், சட்டகத்தின் மேல் களிமண் வைத்து அழுத்தி எடுத்த அச்சையும் கொண்டு போவதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன். கடைசிப் பொருத்துதலுக்கு எடுத்துச் செல்லத்தான் வேண்டுமென்றால், வாங்கிய ரசீதின் நகலும் அடையாள அட்டையும் கூடவே இருக்கட்டும்.

செய்த பொருளின் உள்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், செய்த ஆண்டைப் பொறித்துவிடச் சொல்லுங்கள். நம் காலத்துக்குப் பின் அந்தப் பிஸ்டலைப் பிரிக்கும் ஒருவர் அசல் எது, புதிது எது என்று தடுமாறக்கூடாது.

பெட்டி மட்டும் தனி வழக்கு

மேலே சொன்ன மூன்று வழிகளுக்கும் அடங்காதது பெட்டி. எல்லோரும் முதலில் தேடுவதும் அதைத்தான்; படத்தில் நன்றாக வரும் அல்லவா. எழுபதுகள், எண்பதுகளின் பெட்டிகள் பலவற்றில் உள்ளே நுரைப்பஞ்சு இருக்கும். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வயதானால் சிதைந்து, ஒட்டும் பசையாகி, இரும்பின் மேல் படியும். நான் முதன்முதலில் வாங்கிய அசல் பெட்டியில் என் பிஸ்டலை வைத்து, ஆடி முழுவதும் திறக்காமல் விட்டேன். ஆவணியில் திறந்தபோது பஞ்சு தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. நாற்பது ஆண்டுகள் மாமாவின் வேட்டித்துணியில் சுற்றி வெறும் மர அலமாரியில் கிடந்தபோது ஏறாத துரு, இரண்டே மாதத்தில் ஏறியது.

ஆகவே அசல் பெட்டி கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அதைக் காலியாக வையுங்கள். பிஸ்டலை எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, காற்றாடும் மரப்பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பைகளோடு பூட்டி வைப்பது நலம். அந்தப் பைகளையும் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்த வேண்டும். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மழைமறைவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. கல்பாத்தி, ஒலவக்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு அதிகம்.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். எல்.பி.53-இன் குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும்போது உள்ளங்கை வலிக்காமலிருக்க, குழலின் நுனியில் செருகும் ஒரு மரக்குமிழை வால்தர் கொடுத்தது. உருண்டு ஓடக்கூடிய சின்னப் பொருள் என்பதால், தொலைந்தவற்றில் முதலிடம் அதற்கே. சுடாதவருக்கு அது தேவையில்லை. தட்டில் அதன் குழி காலியாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. சுடுபவருக்குத் தேக்கில் ஒன்று கடைந்தால் போதும். அசலுக்குக் கேட்கும் விலை, வலி தாங்காத உள்ளங்கை கொடுக்கும் விலை அல்ல; சேகரிப்பவரின் ஆசை கொடுக்கும் விலை.

ஒரு வாசகரின் கேள்வி

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். தம் அண்ணன் சுட்ட ஃபைன்வெர்க்பௌ 65 இருக்கிறது. கைப்பிடி உடைந்துவிட்டது, எடை இல்லை, பெட்டி இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அதை வைத்துப் பழக விரும்புகிறாள். எதை முதலில் வாங்குவது என்பது கேள்வி. ஐயா, முதலில் சீல்களைப் புதிதாக மாற்றுங்கள்; அதுவரை ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டாம். பிறகு மகளின் கைக்கு அளவெடுத்துத் தேக்கில் கைப்பிடி செய்யுங்கள். எடையை ஆறு மாதம் கழித்து, அவள் மணிக்கட்டு பழகிய பின் யோசிக்கலாம். பெட்டியைத் தேட வேண்டாம். உடைந்த கைப்பிடியை எறிந்துவிடாமல், ஒட்டக்கூடிய துண்டுகளாக இருந்தால் ஒட்டாமலே ஒரு துணிப்பையில் போட்டு, எந்தப் பிஸ்டலுடையது என்று வரிசை எண்ணோடு ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.